கழிக்காத இரண்டு கிலோ

புஷ்பத்தின் குரல் ஐந்து நிமிடம் பத்து ரூபா.

புளத்கொகுபிட்டிய கடைவீதியில் கொமியூனிகேஷன் என்கிற போன் கடை வைத்திருந்த கபூர் முதலாளி போட்ட விலை அது. வெளிநாட்டிலிருந்து வருகிற அழைப்புக்கு அவருக்கு ஒரு சதமும் செலவில்லை. மணி அடிக்கும், எடுப்பார், ஆளைக் கூப்பிடுவார், தீர்ந்தது. அப்படியிருந்தும் பத்து ரூபா. அழகமுத்து ஒரே ஒரு தடவை பேரம் பேசிப் பார்த்தான்.

"எட்டுப் போட்டுக்கங்க முதலாளி. சும்மா வர்ற கோல் தானே?"

கபூர் கண்ணாடிக் கூண்டின் கதவைத் துடைத்துக்கொண்டே சொன்னார்: "நான் கொறப்பேன், அதில ஒண்டுமில்ல. ஆனா ஒங்கட பொஞ்சாதிட கொரலுக்கு வெல எறங்கிட்டுண்டு ஊருக்குள்ள கதைப்பாங்க. பரவாயில்லயா?"

அதற்கு மேல் பேசக் கட்டிய புருஷனுக்கு வாய் வருமா? பத்தாகவே கொடுத்துவிட்டு வந்தான். வியாபாரம் என்றால் அதுதான்.

குவைத்தில் புஷ்பம் வேலை செய்த வீட்டில், வெள்ளிக்கிழமை ஜும்மா முடிந்து எல்லாரும் உண்டு உறங்கும் நேரத்தில் மட்டும் அவளைப் போனுக்குப் பக்கத்தில் விடுவார்கள். அவள் வாங்கும் அட்டையில் பதினைந்து நிமிடம் இருக்கும். இங்கே அப்போது பின்னேரம் நாலு மணி தாண்டியிருக்கும். அந்தப் பதினைந்தில் பதினாலரையை மகள் கிருஷ்ணகுமாரியின் வீட்டுப்பாடக் கணக்குகள் தின்றுவிடும். மிச்ச அரை நிமிடம் அழகமுத்துவுக்குக் கொசுறு.

"சாப்டீங்களா?"

"சாப்ட்டேன். நீ?"

"ம். ஒடம்பப் பாத்துக்க..."

அவ்வளவில் அட்டை தீர்ந்து, பதிவுக் குரலில் அட்டைக்காரி வந்து அரபியில் ஏதோ சொல்லி வெட்டிவிடுவாள். என்ன சொல்கிறாள் என்று அவனுக்குத் தெரியாது. ஆனால் இரண்டு வருடமாக அவனுடைய தாம்பத்தியத்தில் கடைசி வார்த்தை அவளுடையதுதான்.

கணக்குகள் இப்படித் தின்பதற்குக் காரணம் இல்லாமல் இல்லை. தோட்டத்துப் பாடசாலையில் இருந்த கணித ஆசிரியர் மாற்றலாகிப் போய் இரண்டு தவணையாயிற்று. பதிலுக்கு வந்தவர் சமயம் படிப்பிக்கிறவர். நல்ல மனிதர். பயிற்சியின் இலக்கத்தைக் கரும்பலகையில் எழுதிப் போட்டுவிட்டு, "ஆண்டவன் விட்ட வழி, செஞ்சுகிட்டு வாங்க" என்பார். கிருஷ்ணகுமாரிக்கோ டிசம்பரில் ஓ.எல். பரீட்சை. தாய் புஷ்பம், தன் காலத்தில் அந்தத் தோட்டத்திலேயே கணிதம் பாஸ் பண்ணிய ஒரே ஆள். பாஸ் பண்ணி என்ன, கையில் கிடைத்தது தேயிலைக் கொழுந்துக் கூடை. கூடைக்குப் பிறகு குவைத். ஆனாலும் கற்றதை அவள் கைவிடவில்லை. யார் வீட்டுக் குளியலறையையோ தேய்த்துக்கொண்டு மனதுக்குள் சமன்பாடு தீர்க்கிறவள்.

அழகமுத்து இறப்பர் மரத்தில் பால் வெட்டுகிறவன். விடியுமுன் கத்தியோடு மரத்துக்கு மரம் போய்க் கீறிவிட்டு, சிரட்டைகளில் வடிந்த பாலை வாளியில் சேர்த்து நிறுத்துக் கொடுத்தால் பகலோடு வேலை முடிந்தது. மழை பெய்தால் வேலையே இல்லை. படிப்பில் அவன் ஐந்தாம் வகுப்போடு பள்ளிக்கூடத்துடன் இருந்த கொடுக்கல் வாங்கலை முடித்துக்கொண்டவன். அதனால் மனைவியும் மகளும் போனில் கணக்குப் பேசும்போது, கோயிலில் மந்திரம் கேட்கிறவனைப் போலக் கூண்டுக்கு வெளியே மரியாதையாக நின்றுகொண்டிருப்பான்.

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு ஒக்டோபரில்தான் அவனுக்கு அந்த அரை நிமிடம் போதாமல் போயிற்று.

புஷ்பத்தின் இரண்டு வருட ஒப்பந்தம் மாதக் கடைசியோடு முடிகிறது. லயத்து வரிசையில் பக்கத்து வீட்டு வெள்ளையம்மாவின் தங்கச்சிக்கும் குவைத்தில் அதே தெருவில்தான் வேலை. வெள்ளையம்மா தண்ணீர்க் குழாயடியில் அவனை நிறுத்தினாள்.

"அண்ணே, தெரியுமா? அண்ணிய இன்னும் ரெண்டு வருசத்துக்கு சைன் வைக்கச் சொல்லி அந்த மேடம் புடிச்சுகிட்டு நிக்கிதாம்."

"அவ வைக்க மாட்டா."

"கேட்டீங்களா?"

"கேக்கணுமா என்ன?"

"அப்ப கேக்கல" என்று குடத்தைத் தூக்கிக்கொண்டு போய்விட்டாள் வெள்ளையம்மா.

கேட்கத்தான் இல்லை. அரை நிமிடத்தில் எதைக் கேட்பது? 'சாப்ட்டேன்' என்பதை விட்டுவிட்டு 'வந்துரு புள்ள, கையெழுத்து வைக்காத' என்று சொல்லலாம். ஆனால் அவள் ஏன் என்று கேட்டால் பதில் சொல்ல நேரம் வேண்டும். அவள் அழுதால் அதற்கொரு நேரம் வேண்டும். இவன் அழுதால், கபூர் கடையில் நிற்கிறவர்களுக்கு அது ஒரு வாரத்துக்கு வாய்ச்சரக்கு. ஒரு கால் மணித்தியாலம் முழுதாக வேண்டும். அது கடையில் இருக்கிற சரக்குத்தான். ஆனால் முழுவதையும் மகள் மொத்தமாக எடுத்துக்கொண்டிருந்தாள்.

அழகமுத்து யோசித்தான். வெள்ளிக்கிழமைக்கு முன்னமே கணக்குகள் எல்லாம் தீர்ந்துவிட்டால்?

திங்கட்கிழமை நல்ல மழை. மரங்கள் நனைந்து பால்வெட்டு இல்லை. பாடசாலை விட்டு வந்த மகளிடம், "கொப்பிய எடு. இந்த வாரம் என்ன கணக்கு?" என்றான்.

"ஒங்களுக்கா?"

"எனக்கில்லாம, கபூர் முதலாளிக்கா?"

அவள் சிரிப்பை அடக்கிக்கொண்டு வாசித்தாள். மூன்று பேனைகளும் இரண்டு கொப்பிகளும் எண்பத்தைந்து ரூபா. இரண்டு பேனைகளும் ஒரு கொப்பியும் ஐம்பது ரூபா. ஒரு பேனையின் விலை என்ன?

"கடையில கேட்டா சொல்லுவாங்களே."

"கேக்கக் கூடாதுப்பா."

"ஏன், கடைக்காரன் ஊமையா?"

"வெல தெரியாதுன்னு வச்சுக்கணும். தெரியாததுக்கு x-னு பேர் வைக்கணும். கொப்பிக்கு y."

"வெல தெரியாமத்தான் மூணு பேனை வாங்குனானா? அவனக் கடைக்கு அனுப்புனவங்கள மொதல்ல சொல்லணும்."

அவள் எழுதிக்கொண்டு போனாள். 3x + 2y = 85. அடுத்த வரி 2x + y = 50. இரண்டாவதிலிருந்து y = 50 − 2x. அதைத் தூக்கி முதலாவதில் y இருந்த இடத்தில் வைத்தாள். அடைப்பைப் பிரித்து 3x + 100 − 2x = 85 என்று எழுதினாள். விடை வந்தது: x = −15.

"இந்தக் கோடு என்ன?"

"சைபருக்குக் கீழன்னு அர்த்தம்."

"அப்படின்னா பேனையும் குடுத்து, மேல பதினஞ்சு ரூபாயும் குடுக்கிறானா? அந்தக் கடை எங்க இருக்கு சொல்லு, நாளைக்கே போவோம்."

அவள் பென்சிலைக் கடித்துக்கொண்டு மேலிருந்து கீழே பார்த்தாள். புருவத்தைச் சுருக்குவது அச்சாகப் புஷ்பம். அழகமுத்து ஒரு கணம் கணக்கை மறந்தான். பிறகு மகள் விரல் வைத்த வரியிலேயே தானும் விரல் வைத்தான்.

"ஒரு கொப்பின்னா, அம்பதுல ரெண்டு பேனை வெலய எடுத்துட்டா வர்றது. அப்படித்தானே?"

"ஆமா."

"ரெண்டு கொப்பிக்கு? அம்பத மட்டும் ரெட்டிச்சுப்புட்டு பேனைய அப்படியே விட்டுட்டியே."

"ஐயோ, நாலு!" என்று தலையில் அடித்துக்கொண்டு அவள் அழித்தாள். 3x + 100 − 4x = 85. நூறில் ஒரு x போக எண்பத்தைந்து. x பதினைந்து, y இருபது. மூன்று பேனை நாற்பத்தைந்து, இரண்டு கொப்பி நாற்பது, கூட்டினால் எண்பத்தைந்து. சதம் பிசகவில்லை.

அன்றைக்கு அழகமுத்து இன்னும் இரண்டு கணக்குச் செய்தான், அதாவது மகள் செய்ய அவன் தலையாட்டினான். செவ்வாயும் புதனும் வெயில். மரத்தடியில் நின்று கீறும்போது கூட அவன் வாய் 'ரெண்டு x, மூணு y' என்று முணுமுணுத்தது. அடுத்த நிரையில் வெட்டிய கூட்டாளி ஐயாவு, "என்னடா, யாருக்காச்சும் செய்வினை வைக்கிறியா?" என்று கேட்டான். வியாழன் பின்னேரத்துக்குள் பயிற்சியில் இருந்த எட்டுக் கணக்கும் முடிந்தன.

கடைசிக் கணக்கு மட்டும் கொஞ்சம் வழக்கடித்தது. அது புள்ளிவிபரம். ஒரு தோட்டத்தில் இருபது பேர் ஒரு நாளில் பறித்த கொழுந்தின் நிறையை அட்டவணை போட்டுக் கொடுத்து, இடை, அதாவது சராசரி, காணச் சொல்லியிருந்தார்கள். இருபது பேரின் நிறையையும் கூட்டி இருபதால் பிரித்தால் தீர்ந்தது. இருவரும் சேர்ந்து கூட்டினார்கள்: முந்நூற்று இருபத்திரண்டு. பிரித்தார்கள்: 16.1. புத்தகத்தின் பின்பக்கத்தில் இருந்த விடையோ 18.1. திரும்பவும் கூட்டினார்கள். அதே 16.1.

"பொஸ்தகத்துலதான் பிழை" என்று அழகமுத்து தீர்ப்புச் சொன்னான். "கொழும்புல ஏசிக்குள்ள இருந்து அடிக்கிறவனுக்குக் கொழுந்தப் பத்தி என்ன தெரியும்?"

மகளுக்கும் அதுதான் நியாயமாகப் பட்டது. கொப்பியை மூடினாள்.

வெள்ளிக்கிழமை அழகமுத்து வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டான். மலையிறங்கி வரும் வழியெல்லாம் சொல்ல வேண்டியதை வரிசைப்படுத்தினான். 'சைன் வைக்காத' என்பது முதலில். 'இருக்கிறது போதும்' என்பது இரண்டாவது. 'வீட்ல நீ இல்லாம ஒண்ணும் சரியில்ல' என்பதை எங்கே வைப்பது என்றுதான் தெரியவில்லை. முதலில் வைத்தால் வெட்கம், கடைசியில் வைத்தால் அட்டைக்காரி வெட்டிவிடுவாள்.

கபூர் அவனை மேலும் கீழும் பார்த்தார். "என்னப்பா, கலியாண வீடா?"

"கோல் எடுக்க வந்தேன்."

"அப்ப சரி, கலியாண வீடுதான்."

மணி அடித்தது. கிருஷ்ணகுமாரி கூண்டுக்குள் போனாள். இந்த முறை அழகமுத்துவும் பின்னாலேயே நுழைந்து, ரிசீவருக்குப் பக்கத்தில் காதைக் கொடுத்தான்.

"சொல்லு தங்கம், என்ன கணக்கு?" என்றது புஷ்பத்தின் குரல். ஓடி வந்தவளைப் போல மூச்சு வாங்கியது.

"இந்த வாரம் ஒண்ணும் இல்லம்மா. நானும் அப்பாவும் எல்லாத்தையும் செஞ்சு முடிச்சுட்டோம்."

"எல்லாமா?"

"எல்லாம்."

"ஒருங்கமை சமன்பாடு?"

"அதுவும். அப்பாதான் பிழையக் கண்டுபுடிச்சாரு."

புஷ்பம், "ஓ... நல்லம். கெட்டிக்காரி" என்றாள். வாரம் முழுக்கச் சரக்கைத் தூசு தட்டி அடுக்கி, வெள்ளிக்கிழமை கடை திறந்து வைத்துக் காத்திருந்தவளிடம், 'வேண்டாம், பக்கத்துக் கடையில் வாங்கிவிட்டோம்' என்று சொன்னால் எப்படி இருக்குமோ, அப்படி இருந்தது அந்தக் 'கெட்டிக்காரி'.

மகள் ரிசீவரைத் தந்தையிடம் கொடுத்துவிட்டு, கடையின் மறுபுறத்தில் இருந்த வாழ்த்து அட்டைகளைப் பார்க்கப் போய்விட்டாள். பதினாலு நிமிடம். அவன் கேட்டபடி, முழுதாக.

"புஷ்பம்."

"சொல்லுங்க."

வரிசைப்படுத்தியது எதுவும் வரவில்லை. அவள்தான் பேசினாள்.

"அப்ப எனக்கு இன்னைக்கி வேலையே இல்லீங்களா? காலையிலருந்து என்ன கேப்பாளோ, என்ன கேப்பாளோன்னு நெனச்சுகிட்டே மூணு குளியலறை கழுவுனேன்."

சிரிப்பாகத்தான் சொன்னாள். அழகமுத்து, மகள் கூண்டில் விட்டுப்போன கொப்பியையும் புத்தகத்தையும் கிட்ட இழுத்தான்.

"இல்ல புள்ள, ஒண்ணு இருக்கு. கடைசிக் கணக்கு. பொஸ்தகத்துல விடைய பிழையா அடிச்சிருக்கான்."

"பொஸ்தகத்துலயா? வாசிங்க பாப்போம்." குரல் உடனே நிமிர்ந்து உட்கார்ந்தது.

அவன் கொப்பியைப் பிரித்து வாசித்தான். "பன்னெண்டு கிலோ ரெண்டு பேரு. பதினாலு கிலோ அஞ்சு பேரு. பதினாறு..."

"இருங்க. இது நீங்க எழுதுனது. பொஸ்தகத்துல என்ன இருக்கு, அத வாசிங்க."

"பொஸ்தகத்துல பதினாலு கிலோ ரெண்டு பேரு, பதினாறு அஞ்சு பேரு, பதினெட்டு ஆறு பேரு, இருபது நாலு பேரு, இருபத்திரண்டு மூணு பேரு."

"பதினாலு எப்படிப் பன்னெண்டாச்சு?"

"ரெண்டு கிலோ கழிக்கணும்ல?"

"எதுக்கு?"

"என்ன புள்ள, எதுக்குங்கிற? கூடைக்கும் ஈரத்துக்கும்..."

அவ்வளவுதான். புஷ்பம் சிரிக்கத் தொடங்கினாள். முதலில் மூக்கால், பிறகு வாயைப் பொத்திக்கொண்டு, பிறகு பொத்த முடியாமல். கொழுந்து நிறுக்கும் இடத்தில் ஆளுக்கு இரண்டு கிலோ வெட்டிவிட்டுத்தான் பேர் போட்டு நிறை எழுதுவார்கள். அவளுக்கு வெட்டினார்கள், அவள் தாய்க்கு வெட்டினார்கள். தோட்டத்தில் பிறந்த ஒருவருக்குப் பதினாலு கிலோ என்று காதில் விழுந்தால், கை தன்பாட்டில் பன்னிரண்டு என்றுதான் எழுதும். அப்பனும் மகளும் பேசிக்கொள்ளாமலே இருபது பேருக்கும் வெட்டியிருந்தார்கள். இரண்டு வருடத்தில் அவன் கேட்ட அவளுடைய முதல் வாய்விட்ட சிரிப்பு அது. வெளியே கபூர்கூட கல்லாவிலிருந்து தலையைத் தூக்கிப் பார்த்தார்.

"கணக்குல யாரும் கழிக்க மாட்டாங்கங்க" என்றாள் புஷ்பம், மூச்சைப் பிடித்துக்கொண்டு. "அங்க பறிச்சது பறிச்சதுதான்."

"முழுசா போடுவாங்களா?"

"முழுசா."

அந்த இருபது பேரும் வெட்டுப்படாத கூடைகளோடு நடந்து போவதை இருவருமே பார்த்துக்கொண்டு நின்றது போலிருந்தது.

"நீங்க எல்லாத்தையும் கூட்டிப் பிரிச்சீங்களாக்கும். லேசான வழி இருக்கு. எடுத்துக்கொண்ட இடைன்னு பேரு. நடுவுல பதினெட்ட வைங்க. அதுக்கு சைபர் போடுங்க. மத்தவங்க அதுலருந்து எவ்வளவு தூரம்னு மட்டும் பாருங்க. பதினாலு?"

"நாலு கொறைவு."

"ரெண்டு பேரு."

"எட்டு."

"பதினாறு?"

"ரெண்டு கொறைவு. அஞ்சு பேரு, பத்து. ரெண்டும் சேந்து பதினெட்டு கொறைவு."

"இப்ப மேல."

"இருபது, ரெண்டு கூட. நாலு பேருக்கு எட்டு. இருபத்திரண்டு, நாலு கூட. மூணு பேருக்குப் பன்னெண்டு. ஆக இருபது கூட."

"கூடுனதுல கொறஞ்சது போக?"

"ரெண்டு மிச்சம்."

"இருபது பேருக்குப் பங்கு வச்சா?"

அழகமுத்து கண்ணை மூடினான். "தசம் ஒண்ணு."

"பதினெட்டோட சேருங்க."

"பதினெட்டு தசம் ஒண்ணு" என்று சொல்லும்போது அவன் குரல் உடைந்துவிட்டது. விடை சரியாக வந்ததற்காக இல்லை. அவள் கேட்பதும் அவன் சொல்வதுமாக, இரண்டு வருடத்தில் ஒருநாளும் அவர்கள் இவ்வளவு பேசியதில்லை. அந்த வேகத்திலேயே கேட்டான்:

"புஷ்பம், சைன் வச்சுட்டியா?"

"...வச்சுட்டேங்க."

"எப்ப?"

"ரெண்டு வாரத்துக்கு முன்ன, செவ்வாக்கெழம."

"ரெண்டு வருசத்துக்கா?"

"ரெண்டு."

அவள் வேகவேகமாகச் சொன்னாள்: "சொல்ல எனக்கு வாய் வரலங்க. கணக்கு முடிஞ்சா நீங்க கேட்டுருவீங்கன்னு பயம். ரெண்டு நிமிசத்துல முடியிற கணக்கயும் இழுத்து இழுத்துச் சொல்லிக் குடுத்தேன். இவ மேல படிக்க, ஏ.எல்.லுக்கு கணக்கு எடுக்கணும்ங்கிறா. தமிழ்ல அதப் படிக்க நம்ம பக்கம் எங்க இருக்கு? கண்டிக்கோ ஹட்டனுக்கோ அனுப்பி போர்டிங்ல விடணும். அங்கயே நின்னா, பாஸ் பண்ணிட்டு அவளும் என்ன மாதிரிக் கூடையத்தான் தூக்கணும். திட்டுங்க. திட்டிருங்க."

கண்ணாடிக்கு அப்பால் கிருஷ்ணகுமாரி ஒரு வாழ்த்து அட்டையின் பின்னால் ஒட்டியிருந்த விலையைப் பார்த்து முகம் சுளித்துக்கொண்டிருந்தாள். அந்தப் பிள்ளை ஒரு கணக்கைச் சரியாகச் செய்தால் புஷ்பம் அங்கே இன்னும் கொஞ்ச நாள் நிற்க வேண்டும். பிழையாகச் செய்தால் வீட்டுக்கு வரலாம். இந்த வாரம் எட்டையும் சரிக்கட்ட அவனே முறைவைத்துப் பக்கத்தில் உட்கார்ந்திருக்கிறான். எந்தச் சமன்பாட்டில் போட்டாலும் அவனுக்குச் சாதகமாக வராத கணக்கு.

"திட்டலாம்" என்றான். "நேரம் போயிருமே."

அந்தப் பக்கம் மூக்கை உறிஞ்சும் சத்தம்.

"அடுத்த வாரத்துக்கு வாத்தியார் புதுப் பயிற்சி போட்டிருக்காரு. கடைசிக் கணக்க நாங்க தொட மாட்டோம்."

"பொய். அவ கைய வச்சுகிட்டு சும்மா இருக்க மாட்டா."

"நான் பாத்துக்கிறேன். அது ஒனக்கு. வெளங்குதா? அத நீதான் செய்யணும்."

"சரிங்க" என்றாள். "நீங்க சாப்..."

அட்டைக்காரி வந்துவிட்டாள்.

அடுத்த திங்கள் மழை இல்லை. ஆனாலும் அழகமுத்து பால் நிறுத்துக் கொடுத்த கையோடு நேரே வீட்டுக்கு வந்து, கை கழுவிவிட்டு மகளுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தான். செவ்வாய், புதன் இரண்டு நாளும் அப்படியே. ஆறு கணக்கு வரை மகள் நிற்காமல் ஓடினாள். ஏழாவதில் ஒரு கழித்தல் சைகையைக் கூட்டலாக மாற்றிப் போட்டுவிட்டாள். அவனுக்கே அது தெரிந்தது. தெரிந்தும் வாயைத் திறக்கவில்லை. சற்றுப் பொறுத்து அவளும் கண்டுகொண்டாள். அழிறப்பரை எடுத்தவள், தந்தையின் முகத்தைப் பார்த்துவிட்டு, அதைத் திரும்ப வைத்துவிட்டாள்.

"எட்டாவது லேசுப்பா. இப்பவே செஞ்சிருவேன்."

"தொட்டே, கைய ஒடிச்சிருவேன்."

அவள் சிரித்துக்கொண்டே பக்கத்தின் அடியில் கோடு போட்டு, அந்த வாரத்தைக் கூட்டி எழுதினாள். மொத்தம் எட்டு. சரி ஆறு. தெரிந்தே விட்ட பிழை ஒன்று. தொடாதது ஒன்று. வெள்ளிக்கிழமைக்குப் பாக்கி, ஆக இரண்டு.